நீதிபதி நீந்தாத கடல்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் அண்ணியைச் சமையலறையில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டேன். அடுப்பில் பால், கையில் புத்தகம், கண் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில். பால் என்ன ஆயிற்று என்று கேட்டு மூன்று பேர் கடிதம் போட்டிருந்தார்கள். பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைத்தவர் அண்ணியின் கணவர், அதாவது நம் பல் டாக்டர். துடைத்துக்கொண்டே என்ன விஷயம் என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். பதில் வராததால் க்ளினிக்குக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அண்ணிக்கு நகர நூலகத்தில் வேலை. ஊரில் பேர் வாங்கிய ஆயிரத்து இருநூறு பேரின் வாழ்க்கைக் குறிப்புகளை எட்டு வருடம் திரட்டி, நூலகம் தலையணை கனத்தில் ஒரு புத்தகம் போட்டிருக்கிறது. இன்று மாலை ஆறு மணிக்கு நகர மன்றத்தில் வெளியீட்டு விழா. விழாவில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரே பெயரை வைத்துக்கொண்டு வெவ்வேறு துறைகளில் பேர் வாங்கிய பெண்களை ஒரே மேடையில் நிற்க வைக்கப்போகிறார்கள். ஒருவர் இதய டாக்டர். ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர். ஒருவர் செருப்புத் தொழிற்சாலை நடத்துபவர். ஒருவர் நீதிபதி. ஐந்தாவது ஆள், அண்ணியின் நாத்தனார்.

நாத்தனார் இருபத்தேழு வயதில் முப்பத்து நான்கு கிலோமீட்டர் கடலைப் பதினொரு மணி நாற்பது நிமிடத்தில் நீந்திக் கடந்தவள். இப்போது நகர நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு, யார் கையை வீசாமல் ஏமாற்றுகிறார்கள் என்று கவனிப்பாள். அதனால் குளத்தில் அவளுக்கு முதலை என்று பெயர். அந்தப் பெயர் வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

சொந்தப் பெயரைச் சொன்னால் மட்டும் என்ன வாழ்ந்தது? "இதய டாக்டரா?" என்பார்கள். இல்லை என்றால், "அப்ப நியூஸ் வாசிக்கிறவங்களா?" என்பார்கள். அதற்கும் இல்லை என்றால் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாகத் தன் பெயரும் தன் கடலும் சேர்ந்து ஒரு புத்தகத்தில் வரப்போகிறது என்று முதலை தலைகால் புரியாமல் இருந்தாள். அவள் கேட்டது மூன்று வரி.

அந்த மூன்று வரி முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கத்தான் இருந்தது. ஆனால் நீதிபதியின் குறிப்புக்குள் இருந்தது. 'குடும்ப நீதிமன்றத்தில் பதினெட்டு ஆண்டுகள் பணி. இருபத்தேழாம் வயதில் முப்பத்து நான்கு கிலோமீட்டர் கடலை நீந்திக் கடந்தவர்.' அந்தப் பக்கத்தில் ஐந்து பேர் இருக்க வேண்டும். இருந்தது நான்கு பேர். முதலையைக் காணோம்.

காலை எட்டு மணிக்கு ஈரத் தலையோடு முதலை சமையலறைக்குள் நுழைந்தாள். அண்ணிக்கு வேறு வழி தெரியவில்லை. புத்தகத்தை நாற்காலியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணி, புத்தகம் வந்துடுச்சா?"

"வரும் வரும்."

"என் காலை பேட்ச் நாற்பது பேரும் விழாவுக்கு வர்றாங்க. லீவு சொல்லிட்டாங்க. எனக்குத்தான் அழைப்பிதழ் இன்னும் வரலை."

"வீட்டு ஆளுக்கு எதுக்கு அழைப்பிதழ்?"

"அதுவும் சரிதான். ஆமா, நீங்க ஏன் இன்னிக்கு இவ்வளவு உயரமா தெரியறீங்க?"

"முதுகு வலிக்குது. நிமிர்ந்து உக்காரச் சொல்லியிருக்காங்க."

முதலை நம்பினாளா இல்லையா தெரியாது. புதுச் சட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். கடல் நீலம். கடையில் வேறு நிறமே இல்லையாம். அண்ணி நன்றாக இருக்கிறது என்று மூன்று தடவை சொன்னாள்.

ஒன்பதரைக்கு நூலகத்தில் பதிப்பாசிரியரின் மேஜை மேல் புத்தகம் தொப்பென்று விழுந்தது.

"இது என்ன சார்? நீதிபதி எப்ப கடல்ல குதிச்சாங்க?"

பதிப்பாசிரியர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு கழற்றிவிட்டு அண்ணியைப் பார்த்தார்.

"நாலாம் விதி மேடம். ஒரே பேர், ஒரே பிறந்த வருஷம் ரெண்டும் இருந்தா ஆள் ஒருத்தர்தான், ரெண்டு குறிப்பு அட்டையையும் சேர்த்துடணும். எட்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த விதியை எழுதினதே நீங்கதான்."

உண்மை. ஒரே ஆளுக்கு நாலு அட்டை விழுந்து கணக்கு குழம்பியபோது அண்ணி எழுதிய விதி அது. முதலையும் நீதிபதியும் ஒரே வருடத்தில் பிறந்துவைத்தது யார் குற்றம்?

"என் கையில இருந்திருந்தா சேர்த்திருக்க மாட்டேனே!"

"உங்க கையிலதான் இருந்தது. உறவுக்காரங்க அட்டையை நான் எழுதினா நல்லா இருக்காதுன்னு நீங்கதான் என்கிட்ட தள்ளிவிட்டீங்க. எனக்கு அந்தம்மாவையும் தெரியாது, இந்தம்மாவையும் தெரியாது. விதிப்படி செஞ்சேன்."

அண்ணிக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த நேர்மை இப்படி வந்து நிற்கிறது.

"திருத்தச் சீட்டு ஒட்டலாமா சார்? ஐந்நூறு பிரதிதானே. நானே உக்காந்து ஒட்டறேன்."

"ஒட்டலாம். ஆனா யாரோட குறிப்பு குறையுதோ அவங்க எழுதிக் குடுக்கணும். நீதிபதி ப்ரூஃப் பாத்துக் கையெழுத்து வேற போட்டிருக்காங்க. ஒரு நீதிபதி சரின்னு சொன்னதை நான் தப்புன்னு சொல்ல முடியுமா? வேலையில மூணு வருஷம் இருக்கு எனக்கு."

கையெழுத்துப் போட்டிருந்தார்! அண்ணி ப்ரூஃபை வாங்கிப் பார்த்தாள். தெளிவான, அழகான கையெழுத்து. படிக்காமல் போட்டிருப்பாரோ? அதைக் கேட்க ஒரே வழிதான் இருந்தது. போகும் வழியில் கணவருக்கு ஃபோன் செய்து விஷயத்தைக் கொட்டினாள். "முதலைகிட்ட மூச்சு விடாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். நம் பல் டாக்டரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் அண்ணி நம்பினாள்.

குடும்ப நீதிமன்றத்தின் வாசலில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார்.

"நீதிபதியைப் பாக்கணும்."

"என்ன விஷயமா?"

"ஒரு பேர் விஷயமா."

"பேர் மாத்தணும்னா கீழ் மாடி. மூணாவது ஜன்னல்."

அண்ணி கீழே போகவில்லை. நூலகத்தின் பெயர் அச்சிட்ட தாளில் 'பக்கம் 312. கடல்' என்று எழுதி உள்ளே அனுப்பினாள். குமாஸ்தா போன வேகத்தில் திரும்பி வந்தார். உள்ளே கூப்பிடுகிறார்களாம். அவருக்கே ஆச்சரியம்.

மதிய இடைவேளை. நீதிபதியின் மேஜையில் சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. மனைவிக்கும் கணவனுக்கும் நடுவே பதினெட்டு வருடம் உட்கார்ந்தவரின் முகம், சுலபத்தில் எதையும் காட்டாது. அந்த முகம் இப்போது கொஞ்சம் சிவந்திருந்தது.

"உக்காருங்க. நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். இருபது நாளா யாராவது வருவாங்கன்னு பாத்துட்டிருந்தேன்."

"அப்ப... படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டீங்களா?"

"நான் படிக்காம எதுலயும் போட மாட்டேன்."

நீதிபதியே தொடர்ந்தார்.

"ப்ரூஃப் வந்த அன்னிக்கே பாத்தேன். அடிக்கறதுக்குப் பென்சிலை எடுத்துட்டேன். என் உதவியாளர் அதுக்குள்ள பெருமையா அதைப் படம் எடுத்து என் பையனுக்கு அனுப்பிட்டார். பையன் வெளியூர்ல வேலையில இருக்கான். ஆறு மாசமா அவனா ஃபோன் பண்ணது கிடையாது. நான் பண்ணா, 'வேலை இருக்கும்மா'ன்னு வெச்சுடுவான். அவன் சின்னப் பையனா இருந்தப்ப நான் வீட்டுலயும் கோர்ட் மாதிரியே இருந்திருக்கேன் போல. அன்னிக்கு அவனே கூப்பிட்டான். 'அம்மா, நீ கடல் நீந்தினியாம்மா? எனக்குச் சொல்லவே இல்லையே'ன்னு சிரிக்கிறான். அவன் சிரிச்சே வருஷக்கணக்காச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னு சொல்லலை. இல்லைன்னும் சொல்லலை. என் கோர்ட்டுல யாராவது இப்படி நின்னா ஒப்புக்கொண்டதாத்தான் எழுதுவேன்." நீதிபதி சாப்பாட்டு டப்பாவைத் தள்ளி வைத்தார். "இப்ப தினம் சாயந்தரம் ஏழரைக்குக் கூப்பிடறான். குளிரா இருந்துதா, மீன் கடிச்சுதான்னு கேக்கறான். எனக்கு வாளித் தண்ணியைப் பாத்தாலே பயம். ஏதேதோ சொல்லிச் சமாளிக்கறேன்."

கோபத்தோடு வந்த அண்ணிக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஆனால் கடல்நீலச் சட்டை கண்ணுக்குள்ளேயே நின்றது.

"மேடம், அந்தக் கடலை நீந்தினது என் நாத்தனார். இன்னிக்கு மேடையில நிக்கப்போறோம்னு நினைச்சுட்டிருக்கா. அவளுக்கு இன்னும் விஷயமே தெரியாது."

நீதிபதி ஒரு வெள்ளைத் தாளை இழுத்துக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்தார். 'கடலை நீந்தியது நான் அல்ல' என்று நாலே வார்த்தை. கீழே கையெழுத்து.

"மேடையில இதை நானே படிக்கறேன். இன்னொருத்தர் வாய்ல வரக்கூடாது. பையன்கிட்ட..." என்று ஆரம்பித்தவர், மணி அடித்ததும் எழுந்துவிட்டார்.

இதே நேரத்தில் பல் டாக்டரின் க்ளினிக்கில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மனுஷர் நல்லவர். ரகசியம் மட்டும் தங்காது. வாயைத் திறந்தபடி படுத்திருப்பவர்களிடம் எதைச் சொன்னாலும் அவர்களால் திருப்பிப் பேச முடியாது என்பது அவருடைய தைரியம். பன்னிரண்டு மணிக்குக் கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டே ஒருவரிடம் எல்லாவற்றையும் சொல்லி ஆற்றிக்கொண்டார். அந்த ஒருவர் முதலையின் காலை பேட்ச். வாய் மரத்திருந்தாலும் அவருக்குக் கை மரக்கவில்லை. ஒரு மணிக்குள் நாற்பது ஃபோன்களிலும் செய்தி பறந்துவிட்டது.

அண்ணி நூலகத்துக்குத் திரும்பியபோது அச்சகத்தில் காலை ஷிஃப்ட் முடிந்து கதவு சாத்தியாயிற்று. எழுத்துக் கோக்க ஆள் இல்லை. எனவே திருத்தச் சீட்டைத் தன் கையாலேயே எழுதி, நகல் எடுத்து, கத்தரித்து, பசை புட்டியோடு உட்கார்ந்தாள். அறுபதாவது பிரதியில் கதவு திறந்தது. முதலை நின்றிருந்தாள்.

"அந்தப் புத்தகத்து மேலயா காலைல உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"முதுகு வலியாம்! நான் வேற தைலம் வாங்கிட்டு வந்தேன்." தைலப் புட்டியை மேஜையில் வைத்தாள். "வேணும்னே விட்டீங்களா அண்ணி? போன வருஷத் தண்ணி டேங்க் சண்டைக்காகவா?"

"சத்தியமா இல்ல. உன் அட்டையை நான் எழுதவே இல்ல. எடிட்டர்கிட்ட குடுத்துட்டேன். அவர் ரெண்டையும் சேர்த்துட்டார்."

சமாதானமாகத்தான் சொன்னாள். அதுதான் வினையாகப் போயிற்று.

"எழுதவே இல்லையா? ஆயிரத்து இருநூறு பேர் அட்டை எழுதினீங்க. யார்யாருக்கோ ராத்திரி கண் முழிச்சு எழுதினீங்க. மாடியில இருக்கற ஒருத்தி அட்டை மட்டும் கசந்துடுச்சா?"

"நாத்தனாருக்காக எழுதினான்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னுதான்..."

"சொன்னா சொல்லட்டுமே! பொய்யா எழுதப்போறீங்க? அன்னிக்குப் பின்னாடியே படகுல வந்தது யாரு? கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகலை. பதினொரு மணி நேரமும் வாந்தி எடுத்துட்டு, வாட்சைக் கையில பிடிச்சுட்டு உக்காந்திருந்தது யாரு? நான் கரையில கை வெச்சதும் நாற்பதாவது நிமிஷம்னு எழுதினது யாரு?"

"நான்தான்."

"அதைப் பாத்தவங்க உலகத்துல நீங்க ஒருத்தர்தான் அண்ணி. படகோட்டியும் போய்ச் சேர்ந்துட்டார். நீங்க எழுதாம வேற யார் எழுதுவாங்க? புத்தகத்துல வரலைன்னுகூட எனக்கு வருத்தம் இல்ல. நீங்க எழுதலைங்கறதுதான் தாங்கலை."

அண்ணி அழுதுவிட்டாள். அலுவலகத்தில் அழக்கூடாது என்பதெல்லாம் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்து, தன்னை ஊர் என்ன சொல்லும் என்று பார்த்தாளே தவிர, இவள் என்ன நினைப்பாள் என்று பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள்.

முதலை படித்தாள்.

'மேற்கண்ட குறிப்பில் கடலை நீந்திக் கடந்ததாகச் சொல்லப்பட்டவர் நீதிபதி அல்லர். அதே பெயரும் அதே பிறந்த ஆண்டும் கொண்ட நீச்சல் வீராங்கனை. முப்பத்து நான்கு கிலோமீட்டர், பதினொரு மணி நாற்பது நிமிடம். படகிலிருந்து நேரம் குறித்தவள் எழுதுகிறேன்.'

கடைசி வரியை இரண்டாம் தடவை படித்தாள். ஈரத் தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் சீட்டின் மேல் விழுந்துவிடாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கையெழுத்தா?"

"அச்சகம் மூடிட்டாங்க."

"நல்லதுக்குத்தான் மூடினாங்க." முதலை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பசையை இந்தப் பக்கம் தள்ளுங்க. இன்னும் எத்தனை இருக்கு?"

நானூற்று நாற்பது இருந்தது. ஐந்தரைக்கு முடித்தார்கள். கடைசி முப்பதில் பசை கொஞ்சம் பிதுங்கியிருக்கும்; வாங்கியவர்கள் மன்னித்துக்கொள்ளவும்.

விழாவை நீட்டி முழக்கப் போவதில்லை. பெயரை ஒரு தடவை அறிவித்தார்கள். ஐந்து பேர் எழுந்தார்கள். சபை சிரித்தது. நீதிபதி மைக்கைப் பிடித்துச் சீட்டை நிறுத்தி நிதானமாகப் படித்தார். "எனக்குத் தண்ணின்னா பயம்" என்று சொந்தமாக ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார். காலை பேட்ச் நாற்பது பேரும் விசிலடித்ததில் இதய டாக்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பல் டாக்டர் மூன்றாவது வரிசையில் எல்லோரையும் விடச் சத்தமாகக் கைதட்டினார். அவர் செய்த காரியத்துக்கு வீட்டில் அவருக்குத் தனியாக இருக்கிறது.

விழா முடிந்ததும் மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் நீதிபதி முதலையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐந்நூறு பேர் முன்னாடி சொல்லிட்டேன். ஒருத்தன்கிட்ட மட்டும் இன்னும் சொல்லலை. சொன்னா ஃபோன் நின்னுடுமோன்னு இருக்கு."

சொல்லி வைத்தாற்போல் ஏழரைக்கு அவருடைய ஃபோன் அடித்தது. நீதிபதி அதைப் பார்த்தார். எடுக்கவில்லை. சட்டென்று முதலையின் கையில் திணித்துவிட்டார்.

"நீங்களே எடுங்க. உங்க கடல், நீங்களே சொல்லிடுங்க."

"நானா?" என்பதற்குள் விரல் பட்டு அழைப்பு இணைந்துவிட்டது.

"அம்மா?"

"அம்மா பக்கத்துல இருக்காங்கப்பா. நான்..." முதலை தயங்கினாள். இத்தனை வருட அனுபவம் அப்படி. பிறகு தன் பெயரைச் சொன்னாள்.

மறுமுனையில் பையன் சட்டென்று பிடித்துக்கொண்டான்.

"கடல் நீந்தினவங்கதானே?"

முதலை அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி பதறி ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு... எப்படித் தெரியும்?"

"முப்பத்து நாலு கிலோமீட்டர்னு படிச்சதும் அன்னிக்கே தேடிப் பாத்தேன் மேடம். பழைய பேப்பர்ல உங்க படம் இருந்தது. எங்கம்மாவுக்கு மழைன்னாலே ஜன்னலைச் சாத்தணும். எனக்குத் தெரியாதா? அவங்களா எப்ப சொல்வாங்கன்னு பாக்கத்தான் தினம் கூப்பிட ஆரம்பிச்சேன். அப்புறம் அவங்க சொல்ற கதை கேக்க நல்லா இருந்தது. எங்கம்மா இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல." அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை வர்றேன். எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லிடாதீங்க. அவங்களே சொல்லட்டும். அதுக்குள்ள நீங்க அவங்களைத் தண்ணில ஒரு காலாவது வைக்க வெச்சுட்டா போதும்."

ஃபோன் வைக்கப்பட்டது. பதினெட்டு வருடம் தீர்ப்புச் சொன்னவர் எதிரே கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார்.

"என்ன சொன்னான்? கோபமா இருக்கானா? இனிமே பேச மாட்டானா?"

முதலை அண்ணியைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை வர்றானாம். அதுக்கு நடுவுல மூணு நாள் இருக்கு. நாளைக்குக் காலைல அஞ்சரைக்குக் குளத்துக்கு வந்துடுங்க."

"குளத்துக்கா? நானா?"

"நீங்கதான்."

நீதிபதியின் குரல் சின்னதாகிவிட்டது.

"அதுக்கு... தனியா ஏதாவது டிரஸ் வாங்கணுமா?"

"வாங்கணும். எட்டரைக்குக் கடையை மூடிடுவாங்க." முதலை எழுந்துகொண்டாள். "அண்ணி, கிளம்புங்க. மேடத்துக்கு அளவு நீங்கதான் எடுக்கணும். எழுதியும் வெச்சுக்கோங்க."